ஜீப்புக்கு ஒரு பங்கு

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நான் குமாஸ்தா. அன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தபோது, தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து, என் பக்கத்து வீட்டுச் சுகுமாரன் அண்ணனின் மைத்துனர் பேசினார். "அண்ணன் போயாச்சு" என்றார். "எங்க போயாச்சு?" என்று கேட்டேன். அதைவிட முட்டாள்தனமான கேள்வியை நான் கேட்டதில்லை. அன்று காலைகூட அவர் வண்டியில்தான் வந்து இறங்கினேன். "வைகிட்டு வாறேன், வாசல்ல நில்லு" என்று, சாயங்காலம் கூட்டிப்போக வருவதாகச் சொல்லிவிட்டுப் போன மனுஷன் அவர்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வண்டியையும் தெரியும். மஸ்கட்டில் பல வருஷம் உழைத்துவிட்டு அவர் பாறசாலைக்குத் திரும்பியபோது, வீட்டுக்கு மாடி எடுப்பார் என்று ஊர் காத்திருந்தது. அவரோ கொச்சியில் ஒரு ஏஜென்சிக்குப் போய், வெள்ளை யானைபோல ஒரு வெளிநாட்டு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே குளிர், தோல் இருக்கை. கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும். அவர் மனைவி சரளா அக்கா தலையில் கை வைத்தாள். "இதுல படுத்து உறங்குங்க, மாடி எதுக்கு?" என்றாள். தினமும் காலையில் என்னைக் கோர்ட்டில் இறக்கிவிடுவது தன் வேலை என்று அவராகவே எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் நசுங்கிப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ராஜபோகம்.

அந்த வண்டி முதலில் கடலுக்குப் போனது ஒரு கர்க்கடக மழையில், ஆடி மாதம். பொழியூர்க் கரையில் அலை ஏறிக்கொண்டிருந்தது. மிக்கேல் என்ற மீன்காரரும் ஆட்களும் வடம் கட்டி வள்ளத்தைக் கரையேற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன அண்ணன் சும்மா நிற்பாரா? வடத்தின் நுனியை வாங்கி ஜீப்பில் கட்டினார். பின்சக்கரங்கள் தண்ணீரில் நிற்க, வண்டி உறுமி இழுத்தது. வள்ளம் மேலே வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று கரை முழுக்க வள்ளங்கள் ஏறின.

வள்ளம் இழுக்கக் கை கொடுத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம். அண்ணன் வாங்க மறுத்தார். "நானா இழுத்தேன்? வண்டியாக்கும் இழுத்தது" என்றார். மிக்கேல் விடவில்லை. "அப்பம் வண்டிக்கு ஒரு பங்கு" என்று ஓலைக்கூடையைத் தூக்கி அந்தத் தோல் இருக்கையின்மேல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அது நடைமுறையானது. வள்ளம் இழுத்த நாளெல்லாம் பின்னிருக்கையில் ஜீப்பின் பங்கு வந்துவிடும். என் வெள்ளைச் சட்டையில் மீன் மணக்கும். "எந்தா குமாஸ்தாவே, இண்ணு சாளையோ அயிலையோ?" என்று வக்கீல்கள் மூக்கைப் பிடிப்பார்கள். நான் எரிந்து விழுவேன். அண்ணனுக்கு அது கேட்கச் சிரிப்பு.

வாங்கி ஒரு வருஷம் திகையும் முன்பே வியாதி தொடங்கியது. அமரவிளை ஏற்றத்தில் எஞ்சின் அலறும், வண்டி நகராது. சற்று நின்று, திடீரென்று ஒரு குலுக்குடன் பாயும். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் எண்ணெய் கறுத்துக் கருகி நாறியது. உத்தரவாதக் காலம் முடியவில்லை, கியர்பெட்டியை ஏஜென்சி சும்மா மாற்றித் தரவேண்டும். பார்வையிட ஆள் வருகிறார் என்றதும், கடல் பேச்சு எடுக்கக் கூடாது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தேன். கோர்ட் புத்தி. அண்ணன் மட்டும், "கேட்டாச் சொல்லுவேன் மக்கா, கேக்கல்லன்னா சொல்லல்ல" என்றார்.

வந்தவர் நல்ல மனுஷன். வண்டிக்கு அடியில் கிடந்து பார்த்துவிட்டு, கடற்கரையே பார்க்காத வண்டிகளிலும் இதே கோளாறு வருகிறது, மாற்றித் தரச் சொல்லி எழுதுகிறேன் என்றார். என் மனம் குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து மிக்கேல் கூடையுடன் வந்து சேர்ந்தார். வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஈ கியர்பெட்டி மோசமாணு" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான், மிக்கேலுக்குப் பொறுக்கவில்லை. "ஆருவேய் மோசம்? இது ஆனையாக்கும்! கடல்ல எறங்கி எங்க வள்ளம் அத்தனையும் இழுத்துக் கரையேத்தினது இதாக்கும். இண்ணு வரை ஒருக்காகூட எங்களைக் கைவிடல்ல!" என்று பானெட்டைத் தட்டிக் காட்டினார். வந்தவர் பேனாவை மூடினார். கடலில் இறக்கிய வண்டிக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மிக்கேலைக் கண்டபடி ஏசினேன். அண்ணன் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உன் கோர்ட்டில இப்படி உண்மை பேசுத சாட்சி ஒருத்தன் உண்டுமா மக்கா? அவன் பங்கு வைக்குத வண்டியைக் குறை சொன்னா அவனுக்குப் பொறுக்குமா?" என்றார். விவரம் புரிந்த மிக்கேல் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணனே எழுந்து அதை வாங்கிப் பின்னிருக்கையில் வைத்தார்.

புதுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையோ கைக்கு எட்டாதது. பட்டறையில் ஏதோ தட்டிக்கொட்டி ஓடவைத்தார்கள். இனி வள்ளம் இழுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். "நின்னு கெடுததுக்கு ஓடிக் கெடட்டும்" என்றார். அடுத்த கர்க்கடகத்திலும் இழுத்தார்.

இறந்த அன்று காலை என்னைக் கோர்ட்டில் இறக்கிவிட்டுவிட்டு அவர் நேரே மிக்கேல் வீட்டுக்குப் போயிருக்கிறார். மிக்கேலின் மகளுக்குக் கல்யாணம் உறுதி செய்யும் நாள். அங்கே நெஞ்சுவலி. மிக்கேலின் தம்பி ஜீப்பை எடுத்தார், காரக்கோணம் போக. கடற்கரையிலிருந்து மேலே ஏறும் சாலையில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. மற்றதை மிக்கேலே என்னிடம் சொன்னார், தகனம் முடிந்து எல்லாரும் போன பிறகு.

"வடம் கொண்டுவரச் சொன்னேன். கட்டி இழுத்தோம். பெண்ணுவளும் பிடிச்சாவ. ஏலேலோன்னு சொல்லித்தான் இழுத்தோம், வேற எங்களுக்கு இழுக்கத் தெரியாதே. அண்ணன் கண்ணைத் திறந்து பாத்தாரு. 'இண்ணைக்குப் பங்கு உங்களுக்காக்கும்லே'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. பிறகு பேசல்ல."

ஏற்றத்தின் உச்சியில் ஒரு டாக்சி கிடைத்திருக்கிறது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம். மிக்கேல் அதைத் தன் மனசில் முடித்து வைத்துக்கொண்டு நடக்கிறார். "அண்ணு நான் வாயை மூடியிருந்தா புதுப் பெட்டி வந்திருக்கும். என் நாக்காக்கும் அவரைக் கொன்னது" என்று மணலில் தலையை முட்டினார். அந்தப் பெட்டி பிறக்கும்போதே சொத்தை, கடல் பார்க்காத வண்டிகளிலும் போனது என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவரை ஏசிய நாக்கு என்னுடையது. அதை நம்பச் சொன்னால் எப்படி நம்புவார்?

கருமாதியான அடியந்திரம் கழிந்த மறுநாள் காலையில் மிக்கேல் வந்தார். ஏற்றத்திலிருந்து கட்டி இழுத்துக் கொண்டுவந்த ஜீப் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்றது. பழக்கம்போலப் பின்கதவைத் திறந்து கூடையை இருக்கையில் வைத்தார். நிமிர்ந்து முன்னிருக்கையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டார். அதுவரை கல்லாக இருந்த சரளா அக்கா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். வண்டியா மீன்சந்தையா என்று நாளும் திட்டியவள், அந்தக் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். "நாளைக்கும் கொண்டு வா மிக்கேலு. வராம இருக்காத" என்றாள்.

நான் இப்போது பஸ்ஸில் போகிறேன். வக்கீல்கள் யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. அவர் என்னைக் கடைசியாக இறக்கிவிட்ட அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை கொடியிலேயே தொங்குகிறது. துவைக்க எடுத்த என் மனைவியின் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்தேன். அதில் இன்னும் லேசாக அயிலை மணக்கிறது. அண்ணே, அவர்கள் பங்கு வைத்தது ஜீப்புக்கு. அதில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான், இதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.