போதும் என்றால் போதும்

ஊருக்கு அவன் புலி. ரொட்டிக்கடை நடத்தும் அக்காளுக்கு மட்டும், மாவு மூட்டையோடு நுழையும்போதெல்லாம் நிலைப்படியில் இடித்துக்கொள்ளும் தடியன். விடிவதற்குள் மாவு பிசைந்து பிசைந்தே திரண்ட தோள்கள் அவனுக்கு. அதனால் குத்துச்சண்டை மேடையிலும் அவன் பெயர் 'ரொட்டி' என்றே ஆயிற்று. "இந்த ரொட்டியப் பிச்சுத் தின்னுட்டுத்தான் போவேன்" என்று முதல் போட்டியில் ஒருவன் வாய்ச்சவடால் அடித்தான். இரண்டாவது ரவுண்டிலேயே மண்ணைக் கவ்வினான். அதற்கப்புறம் யாருக்கும் அந்தக் கிண்டல் வாயில் வரவில்லை.

அவன் சண்டைக்குப் போவது அக்காளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. தாய்க்குத் தாயாக வளர்த்தவள். அவன் மூக்கில் ரத்தம் பார்த்தால் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். கெஞ்சிக் கூத்தாடி அவளிடம் அவன் சம்மதம் வாங்கியபோது ஒரு நிபந்தனை போட்டாள்.

"மேடையோரம் உன் மூலையில நான் நிப்பேன். நான் போதும்னா போதும். ஏன் எதுக்குன்னு கேக்காம எழுந்து வந்துடணும்."

"சத்தியமா வந்துடறேன்க்கா."

அவள் கையில் துண்டும் பஞ்சும். அவள் புருஷன் கையில் தண்ணீர் வாளி. காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மனுஷர், மைத்துனன் தலையில் தண்ணீரை மட்டும் தண்ணீராகவே செலவழித்தார்.

பட்டத்துக்கான போட்டி வந்தது. எதிராளி அதுவரை தோற்றதே இல்லாதவன். இடைவேளையில் ரொட்டி வந்து உட்கார்ந்ததும் மாமா ஒரு குவளை ஊற்றினார், இன்னொன்று ஊற்றினார். மூன்றாவது குவளை அவன் கால்சட்டைக்குள் ஓடியது. அக்காள் எரிந்து விழுந்தாள்: "போதும்!"

ரொட்டி சட்டென்று எழுந்தான். கையுறையின் கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே நடுவரை நோக்கி நடந்தான். அரங்கம் வாயைப் பிளந்தது.

"டேய், எங்கடா போற?"

"நீதானே போதும்னே?"

"அட தடியா! அது தண்ணிக்குடா! உங்க மாமாவச் சொன்னேன்!"

மணி அடித்துவிட்டது. அவிழாத கயிறும் அடங்காத சிரிப்புமாக அவன் திரும்பினான். சிரித்துக்கொண்டே வருகிறவனைப் பார்த்து எதிராளிக்கு உதறல் எடுத்துவிட்டது. அந்த ரவுண்டோடு பட்டம் ரொட்டிக்கு வந்து சேர்ந்தது. அக்காளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பட்டத்தின் இடுப்புப் பட்டை அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கி மாவு பூசிக்கொண்டது. வருஷங்கள் ஓடின. யார் யாரோ வந்தார்கள், எல்லோரையும் உருட்டி அனுப்பினான். ஒவ்வொரு இடைவேளையிலும் அக்காள் "போதும்" என்பாள். "தண்ணிக்கா, எனக்கா?" என்று அவன் கண்ணடிப்பான். "தண்ணிக்கு!" என்று அரங்கமே கத்தும். இதைக் கேட்பதற்கென்றே டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு.

பிறகு ஒரு காலையில், தட்டில் அவன் அடுக்கிய ரொட்டிகள் இடப்பக்கம் மட்டும் கோணலாக நிற்பதை அக்காள் பார்த்தாள். மறுநாளும் கோணல்.

"கண்ணுல என்னடா?"

"மாவு விழுந்துடுச்சுக்கா."

தினமும் ஒரே கண்ணிலா மாவு விழும்? டாக்டரிடம் போகலாம் என்றாள். இந்தப் போட்டி முடியட்டும் என்று நழுவினான். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேடையருகே நின்றாள்.

அன்றும் அவன் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் இடப்பக்கமிருந்து ஒரு குத்து வந்தது. அது முகத்தில் இறங்கும்வரை அவன் இமைகூட அசையவில்லை. அக்காளுக்கு அது போதுமாக இருந்தது.

அவன் வந்து உட்கார்ந்தான். மாமா இன்னும் குவளையை வாளியில் விடவே இல்லை.

"போதும்" என்றாள்.

"தண்ணிக்கா, எனக்கா?"

"தண்ணிக்கு!" என்று அரங்கம் ஆர்ப்பரித்தது.

"உனக்குடா."

ஜெயிக்கப் போகிறவனிடம் இதைச் சொல்கிறோமே என்று அவள் நெஞ்சு வெடித்தது. ஏன் என்று கேட்பான், கேட்டால் என்ன சொல்வது என்று தவித்தாள். அவன் கேட்கவில்லை. எழுந்து போய், கையுறைகளைக் கழற்றச் சொல்லி நடுவரிடம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

திரும்பி வந்து, நல்ல கண்ணால் பார்க்க முகத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்: "இந்தத் தடவை சரியாக் காதுல வாங்குனேனாக்கா?"

அவள் அழுகையும் சிரிப்புமாக அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாத மாமா, வாளியைத் தூக்கி இருவர் தலையிலும் கவிழ்த்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை.