திருப்பியதும் தானாகப் பாய்ந்த பைக்

பெட்டியில் அடைத்த சீன டர்ட் பைக்கை எங்களுக்கு விற்ற கடைக்காரர் பொய் சொன்னார். “ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் மாட்டினா போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்தாச்சு” என்றார். ஒன்றையும் பார்க்கவில்லை.

மணலில் ஓட்ட ஆசைப்பட்டு என் கணவர் வாங்கிய வண்டி. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலில் மந்திரிக்க வேண்டும் என்று அவசரமாக மாட்டினார். “ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டுக் கொண்டுபோங்க” என்றேன்.

“ஏளா, மீன்பிடி போட்டு எஞ்சினையே பிரிச்சு மாட்டுதவனுக்குப் பாடம் எடுக்கியா?” என்றார்.

பங்குச்சாமி தீர்த்தம் தெளித்ததும், கணவர் எங்கள் மகளைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைக்கத் தூக்கினார். பங்குச்சாமி தடுத்தார்: “பிள்ளை பொறவு ஏறட்டும். மொதல்ல நீரு தனியா ஒரு சுத்து சுத்திட்டு வாரும்.”

கொடிமரத்தைச் சுற்ற ஹேண்டிலைத் திருப்பியதும், ஆக்சிலேட்டரை முறுக்காமலே எஞ்சின் அலறியது. வண்டி பாய்ந்து, கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலில் போய்ச் செருகியது. அவருக்கு முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெட்டியில் பூட்டியே வந்த டேங்கைக் கழற்றிப் பார்த்தால், ஆக்சிலேட்டர் கேபிள் அதன் அடியில் நசுங்கி இறுகிக் கிடந்தது. ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அது இழுபட்டிருக்கிறது. கேபிளைத் தளர்வாக மாற்றிப் போட்டார். இப்போது எஞ்சினை ஓடவிட்டு, நின்றபடியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புகிறார். சத்தம் மாறவில்லை என்று நான் சொன்ன பிறகுதான் ஏறுகிறார்.

கடைக்காரரே, போனில் சமாதானம் வேண்டாம். அந்தப் பெட்டியைத் திறந்தாவது பார்த்தீரா? இதே பத்திரிகையில் பதில் எழுதும். உம்மிடம் வாங்கிய மற்றவர்களும் படிக்கட்டும்.