ஏழு கார்களும் மூன்றாவது கியரும்

மைசூரில் நாங்கள் இருந்த தெருவில் எந்த வீட்டிலும் கார் ஷெட் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஆளாளுக்கு ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தினார்கள். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். ஒருநாள் கேஸ் சிலிண்டர் லாரி நடுவில் மாட்டிக்கொண்டது. மறுநாளே இரண்டு பக்கமும் 'நோ பார்க்கிங்' பலகை. தெருவே திரண்டு மனு கொடுத்து, நடையாய் நடந்த பிறகு விதி மாறியது. இனி தெருக்காரர்களின் வண்டிக்கு மட்டும்தான் இடம். ஒற்றைப்படைத் தேதியில் பிள்ளையார் கோயில் பக்கம், இரட்டைப்படையில் ரேஷன் கடைப் பக்கம். காலியான பக்கத்தைப் பெருக்கி முடித்ததும், காலை ஏழிலிருந்து எட்டுக்குள் வண்டியை மாற்றிவிட வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஏழு மணிக்குத் தெருவில் எந்த ஆம்பிளை இருக்கிறான் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. என் கணவர் உட்பட கார் வைத்திருந்தவர்களில் பலர் ஆறு மணிக்கே நஞ்சன்கூடு ஃபாக்டரி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து, எனக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "சும்னே உனக்கு எதுக்கு அதெல்லாம்? நான் இருக்கேன்ல" என்பார். மைசூர்ப் பழக்கத்தில் 'சும்மா' அவருக்குச் 'சும்னே'தான். இப்போது அவரே சாவியை நீட்டினார். ரொம்ப அலட்சியமாக வாங்கிக்கொண்டு, சமையலறைக்குள் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன்.

எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம். முதல் கியர், ரிவர்ஸ், பிரேக். "அவ்ளோதான். இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போக இது போதும்" என்றார். இரண்டாவது, மூன்றாவது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது ரோட்டுக்கு" என்றார். அந்த நிமிஷமே முடிவு செய்தேன். ஆறு மாதத்தில் எல்.எல்.ஆர். முடிவதற்குள் முழு லைசென்ஸ் வாங்கி, ரோட்டுக்குப் போயே தீருவேன்.

லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது சட்டம். அதற்கு எதிர்வீட்டு மாமா கிடைத்தார். பென்ஷன்காரர். லைசென்ஸ் உண்டு, முட்டி வலியால் கிளட்சைத்தான் அழுத்த முடியாது. அதனால் அவர் காரையும் நானே மாற்றினேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த வீட்டில். ஒரே மாதத்தில் என் இடுப்பில் ஏழு சாவி. இருந்தது ஒரே ஒரு எல் போர்டு. அதைக் காருக்குக் கார் அவிழ்த்துக் கட்டுவேன். மாமாவும் காருக்குக் கார் ஏறி இறங்குவார்.

திங்கட்கிழமை வந்தால்தான் கூத்து. ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் தன் வண்டி நகர்ந்துவிட வேண்டும் என்று மாமா ஆறரைக்கே வந்து கதவைத் தட்டுவார். அடுத்தவர் வண்டிக்கும் ராகு உண்டில்லையா என்று நான் கேட்கப்போய், அதுவும் சரிதான் என்று அவர் சொல்லிவிட, திங்கட்கிழமைகளில் ஏழு காரையும் அரை மணியில் மாற்ற வேண்டியதாயிற்று. கை பழகிவிட்டது. இரண்டு காருக்கு நடுவில் ஒரு குடம் வைக்கிற இடம் விட்டு ரிவர்ஸில் சொருகுவேன்.

முப்பத்தொன்று உள்ள மாதம் முடிந்து மறுநாள் காலை, வழக்கம்போல ஏழு காரையும் மாற்றிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கான்ஸ்டபிள் வாசலில் நின்று, "இவத்து ஒந்தனே தாரீக்கு அல்வா, அம்மா?" என்றார். இன்றைக்கு ஒன்றாம் தேதி அல்லவா என்று கன்னடத்தில் கேட்கிறார். ஆமாம், ஒன்றாம் தேதிதான். நேற்றும் ஒற்றை, இன்றும் ஒற்றை. தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நாள் நட்சத்திரம் பார்க்கிற மாமாவுக்கும். சிரித்துக்கொண்டே ஏழையும் திரும்பக் கொண்டுவந்தேன். எனக்கு அது லாபம்தான்.

ஆறாவது மாதம் டெஸ்டுக்குத் தேதி வாங்கினேன். "எல்.எல்.ஆர். புதுசு எடுத்தாப் போச்சு. தெருவுக்கு எதுக்குடீ லைசென்ஸ்?" என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம். "தெருவுக்கு இல்ல, எனக்கு. நீங்க வரலன்னா ஏழு சாவியையும் உங்க கையிலயே குடுத்துடுவேன்" என்றேன். அன்று லீவு போட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இரண்டு கம்பி நட்டு, நடுவில் ரிவர்ஸில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஒரே தடவையில் போட்டேன். அவர் இறங்கி இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். எத்தனை வருஷமாக ஓட்டுகிறாய் என்று கேட்டார். அடுத்து நேர் ரோட்டில் போகச் சொன்னார். வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போயிற்று. "கியர் மாத்தம்மா" என்றார். "இதுக்கு மேல போனதில்ல சார். எங்க தெரு பதினாறு அடிதான்." பின்சீட்டில் இவர் குனிந்துகொண்டது கண்ணாடியில் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு, "கிளட்ச்ச அழுத்து. இழு. இப்போ மேல தள்ளு" என்றார்.

சத்தம் அடங்கியது. கார் தானாகப் போவது மாதிரி இருந்தது. புடவைத் தலைப்பு பறந்தது. மூன்றாவது கியர். திரும்பச் சொன்ன இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பயத்தில் இல்லை, நிறுத்த மனசு வரவில்லை. பாஸ் என்று எழுதும்போது, இனிமேல் கியர் மாற்றாமல் ஓட்டினால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்றார்.

வெளியே வந்ததும் நான் ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தேன். இவர் இடது பக்கம் சுற்றிப் போய் ஏறினார். தெருவுக்கு வந்தால், எங்கள் வாசலில் யாரோ வெளியூர்க்காரன் வேன். அந்த இடத்துக்காக எத்தனை மனு, எத்தனை நடை. இவர் கொதித்துப்போய், "ஹாரன் அடி" என்றார்.

நான் அடிக்கவில்லை. வேனை ஒட்டினாற்போலத் தாண்டி மெயின் ரோட்டில் திருப்பினேன்.

"எங்கடீ போற?"

"இடம் தேடத்தான்" என்று சொல்லி, மூன்றாவதுக்கு மாற்றினேன்.