கவாத்து வாங்கிய ஸ்ட்ராபெரி

காமயகவுண்டன்பட்டியில் ஸ்ட்ராபெரி வளர்க்கப்போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. என் தம்பிதான் அதிகம் சிரித்தான். கடையில் விற்கும் பெரிய ரகம்கூட இல்லை. மலைக்காட்டில் தானாக முளைத்து, சுண்டைக்காய் அளவே காய்க்கிற ரகம். தூசி மாதிரி விதை. மொட்டைமாடியில் பச்சை வலை கட்டி, பைகளில் மண் நிரப்பி, கோடையில் குடிக்கிற தண்ணீரைக்கூட அதற்குத்தான் ஊற்றினாள். ஒருநாள் வெள்ளையாகப் பூத்தது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, பழுத்ததும் தம்பி கையில் கொடுத்துக் காட்டலாம் என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் தங்கைக்குப் பிரசவம். போடிக்குக் கிளம்பும்போது, "தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொடாதீக" என்றாள்.

நான் திராட்சைக்காரன். கொடி வெட்டும் கவாத்து வேலைக்குச் சுருளிப்பட்டி வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொடியைக் கொஞ்ச நாள் தண்ணீர் காட்டாமல் காயவிட்டு வெட்டினால், புதுத் துளிர் பூவோடு வரும். இவள் செடியிலோ இலை மண்டிக் கிடந்தது, பூ நாலைந்துதான். நமக்குத் தெரியாத செடியா என்று தண்ணீரை நிறுத்தினேன். பிறகு கத்தரியோடு போய் எல்லாவற்றையும் அடியோடு ஒட்ட வெட்டினேன். வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்த முட்டாள் நான்.

துளிர் வரவில்லை. அடித்தண்டு கறுத்துவிட்டது.

அவள் வந்ததும் வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தாள். "கவாத்து பண்ணீகளா?" என்றாள். தலையாட்டினேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கூடவே, என்னைக் கவாத்துக்குக் கூப்பிட வந்த தோட்டக்காரர்கள் இரண்டு பேர். மாடியில் காய்ந்த பைகளைப் பார்த்துவிட்டுத் தம்பி, "மதினி, நம்ம வெயிலுக்கு இதெல்லாம் வராதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாப்பா, வெயில் தாங்கல" என்று சொல்லிவிட்டு டீயை நீட்டினாள்.

என் தொழில் பேர் கெடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். செடி நன்றாகத்தான் பூத்தது, வெட்டிக் கெடுத்தது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்து முடித்து, என்றைக்கு வரவேண்டும் என்று தோட்டக்காரர்களிடம் கேட்டேன்.