காசு கொடுத்துக் குடிக்கிறவன் முகம்

தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டு, நமக்கு ஒரு நல்ல கோப்பை வேண்டுமென்றால் தெருத்தெருவாக அலைய வேண்டும். அந்நிய ஊரில் கடை தேடிப் போய், விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெளியே நழுவி வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, ஐம்பதுகளின் நடுவில் ஒரு பிரசாரக் குழுவோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த ஒரு சிலரில் நானும் ஒருவன், அதனால் பாஸ்போர்ட் கிடைத்தது. கண்காட்சிகளில் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு இலவசமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதுதான் வேலை. அப்படியொரு தலைப்பாகையை டிக்கோயாவில் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தப் பயணம் நடந்ததா, நான் கண்ட கனவா என்று சில காலைகளில் சந்தேகமாக இருக்கிறது.

பாக்கியம் சொல்லி அனுப்பியது

என் மனைவி பாக்கியம் கொழுந்து பறிப்பவள். மழையோ பனியோ, விடிய ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறுவாள். நல்ல இலையெல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறும். சலித்த பிறகு கடைசியில் மிஞ்சும் தூள்தான் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வரும். தான் பறித்த கொழுந்தின் உண்மையான ருசி அவளுக்குத் தெரியாது.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் புகைவிட ஆரம்பித்ததும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். நாடு நாடாகப் போகிறோமே, சேலை கேட்பாள், சென்ட் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது: “சும்மா குடுத்தா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. கடையில காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறவன் மொகத்தப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

சத்தம் போடாத சாமான்

கப்பலை விட்டு இறங்கியது நேப்பிள்ஸில். என்னோடு நடராசா ஐயா வந்தார். குழுவின் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், சுத்த சைவம். எங்களுக்குக் கிடைத்த படிக்காசை வைத்துக்கொண்டு வெள்ளைத் துணி விரித்த கடைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ஹட்டனில் எந்தச் சாப்பாட்டுக் கடை வாசலில் லொறிகள் நிற்குமோ அங்கே நுழைவது என் வழக்கம். அதே கணக்கில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் போன வழியே போனோம். ஒரு சந்துக்குள், மேலே கயிறு கயிறாகத் துணி காய, கீழே ஒரு கடை. உள்ளேயிருந்து வந்த பூண்டு வாசத்தில் எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

சட்டியில் இறைச்சி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? ஐயா கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மாடு மாதிரிக் கத்தினார், ஆடு மாதிரிக் கத்தினார், கோழி மாதிரியும் கூவினார், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். கடையே நிமிர்ந்து பார்த்தது. கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு கோப்பையில் அவரைக்கொட்டையும் தக்காளியும் கலந்த சூப்பை அள்ளி வைத்து, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். ஐயாவின் முகம் மலர்ந்தது: “இது சத்தம் போடாத சாமான் எண்டு சொல்லுறான். நம்பிச் சாப்பிடும் முத்தையா.”

பாண் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டோம். தேத்தண்ணி என்று கேட்டதற்குத்தான் அந்த மனிதர் கையை விரித்துவிட்டார். அங்கே எல்லாம் கோப்பிதான்.

பாரிஸில் கிடைத்த பாராட்டு

பாக்கியம் சொன்னது சரிதான். கண்காட்சியில் என்னிடம் வாங்கிக் குடித்தவர்கள் எல்லோரும் கண்ணை விரித்து ஆகா என்றார்கள். பிறகு பார்த்தால் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் அரைக்கோப்பையும் முக்கால் கோப்பையுமாக வரிசையாக இருக்கும். மாலையில் அவற்றைக் கழுவும்போது மனசு கனத்துப்போகும். அவள் குளிரில் நின்று பறித்தது என்ற நினைப்பு வந்துவிடும்.

ஒரு பெரிய மனுஷி மட்டும் முழுக் கோப்பையையும் குடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஊற்றட்டுமா என்றேன். அவர் கேட்டதை மொழிபெயர்க்க நின்ற பெண் எனக்குச் சொன்னாள்: “நன்றாக இருக்கிறது, இதோடு எந்த வைன் குடிக்க வேண்டும்?”

நூல் கட்டிய பொட்டலம்

அதே பாரிஸில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாள் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு ஆற்றோரக் கடையொன்றில் உட்கார்ந்தோம். மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. வெயில் மஞ்சளாகத் தண்ணீரில் கிடந்தது. பாக்கியம் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தட்டைத் தூக்கி வந்தார். இளஞ்சூட்டில் தண்ணீர், அதன் பக்கத்தில் நூல் கட்டிய ஒரு குட்டிப் பொட்டலம்.

ஃபெக்டரிக்காரன் கை சும்மா இருக்குமா? இலையைப் பார்க்காமல் நாங்கள் ஊற்றுவதில்லை. நூலை அவிழ்த்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, முகர்ந்து பார்த்தேன். கொண்டுவந்தவர் வாயைப் பிளந்து நின்றார். என் கையில் இருந்தது தூள். எங்கள் லயத்துக்கு வருகிற அதே தூள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஐயா பெருமூச்சு விட்டார்: “உந்தத் தூளைக் குடிக்கத்தானோ முத்தையா, கடல் கடந்து வந்தனீர்?”

உள்ளங்கைச் சீனி

கடைசி ஊர் ஹாம்பர்க். கப்பலேற ஒரு நாள்தான் பாக்கி. பாக்கியத்துக்குச் சொல்ல என்னிடம் ஒரு முகமும் இல்லை. பொய்யாக ஒன்றைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். துறைமுகத்தில் பனி இறங்கியிருந்தது, கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தன. ஹட்டனில் பனிக்குள்ளே ரயில் வருகிற மாதிரியே இருந்தது. வேலையாட்கள் நுழைந்த ஒரு சின்னக் கடைக்குள் நாங்களும் நுழைந்தோம். அடுப்புப் பக்கத்தில் கரி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தால், மூலைகளில் தகரம் அடித்த நம்முடைய தேயிலைப் பெட்டி! எழுதியிருந்தது வேறு தோட்டத்துப் பேர், இருந்தாலும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது.

கடைக்கார அம்மா உருளைக்கிழங்கும் பாணும் வைத்தார், விலையும் கையைக் கடிக்கவில்லை. பிறகு ஒரு கேத்தலில் தேத்தண்ணி வந்தது. மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நல்ல இலை.

தோட்டத்தில் நாங்கள் சீனியைப் போட்டுக் கலக்கமாட்டோம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. கொஞ்சச் சீனியில் ஒரு பெரிய கோப்பை முடிந்துவிடும். பழக்க தோஷத்தில் கட்டிச் சீனியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். நான் அதை அடுத்த வேளைக்குப் பத்திரப்படுத்துகிறேன் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து, இன்னும் நாலைந்து கட்டிகளை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பசியைப் பார்த்தவர் போலிருக்கிறது. கையைத் திறந்து, கடித்து, குடித்துக் காட்டினேன்.

பக்கத்து மேசையில் ஒரு கிழவர், கப்பல் சாமான் இறக்குகிறவர், கப்பல்களில் பழகிய அரைகுறை இங்கிலீஷ் பேசினார். அவரும் காசு கொடுத்துத்தான் குடித்துக்கொண்டிருந்தார். தன் கட்டியை உள்ளங்கையில் வைத்து நான் செய்தபடியே செய்தார். ஒரு மிடறு. கண் தானாக மூடிக்கொண்டது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. பனியில் நனைந்த ஒரு மனிதன் வீட்டுக்குள் வந்து சேர்கிற மாதிரி இருந்தது அந்த முகம். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். என் பாக்கியத்துக்கு உரிய முகம் அது.

இது எங்கள் ஊர்த் தேயிலை என்று ஐயா அவருக்குச் சொன்னார். கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்னதை ஐயா தமிழாக்கிச் சொன்னார்: “குடுத்து வைச்சவங்கள் நீங்கள், உந்தத் தேத்தண்ணியைத் தினமும் குடிப்பியள்.”

திரும்பி வந்தது

அந்த அம்மாவிடமே ஒரு பொட்டலம் விலைக்கு வாங்கிக்கொண்டேன். கொழும்பில் இறங்கியபோது, பெட்டியில் தேயிலையைப் பார்த்த சுங்கக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். லயத்தில் எங்கள் ஒற்றை அறையில் பாக்கியம் அதைக் கொதிநீரில் போட்டு ஊற்றினாள். கூடை சுமந்து தழும்பேறிய தலையைச் சாய்த்து, சீனியைக் கையில் வைத்து, ஒரு மிடறு குடித்தாள். கண் மூடிக்கொண்டது. நான் கிழவரின் முகத்தை வருணிக்க வாயெடுத்தேன், சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே முகம் முன்னால் இருந்தது.

கோப்பை காலியானதும் சொன்னாள்: “நாம பறிச்சது நம்ம வாய்க்கு வரணும்னா, அது மொதல்ல கப்பலேறிப் போயிட்டு வரணுமாக்கும்!”

ஐரோப்பாவில் மலிவாக நல்ல தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இன்றும் நான் சொல்லும் விலாசம், டிக்கோயாவில் எங்கள் லயத்தின் கடைசி அறை, ஆனால் அந்தப் பொட்டலம் எப்போதோ தீர்ந்துவிட்டது.