மணல் மேஜையில் ஸ்டெல்லா டீச்சர் வீடு

போன வாரம் ஓசூரில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்கு நாற்பது வயசு, ஐ.டி. வேலை. டைனிங் டேபிள் முழுக்கக் குட்டிக் குட்டி வீடுகள்! வார்கேமிங்காம் – பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேஜையில் சண்டை போடும் விளையாட்டு.

"மரம் பழசாவே தெரிய மாட்டேங்குது மாமா" என்றான், ஒரு குட்டிக் கதவுக்கு பெயிண்ட் பூசியபடி.

"பிரவுனைக் குறைச்சுட்டு சாம்பல் கலரைத் தொடு" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. யுத்தம் வருமா, வராதா என்று டீக்கடையெல்லாம் அதே பேச்சு. பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் நான் தற்காலிக டிராயிங் மாஸ்டர். எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பலாம்.

என்.சி.சி. மாஸ்டர் வந்தார். "பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷன் வர்றாருங்க. மணல் பரப்பின மேஜையில ஒரு பொம்மை கிராமம் வேணும். பசங்க அதைத் தாக்கிக் காட்டணும். நிஜமா இருக்கணும். சொதப்புனா ஹெட்மாஸ்டர் உங்களத்தான் கேப்பாரு."

அட்டையும் மெல்லிய பலகையும் வைத்துப் பத்து வீடு செய்தேன். கதவுக்கு பிரவுன், கூரைக்கு மஞ்சள். தையல் டீச்சர் ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். எனக்கு எதிர் வீட்டுக்காரர். கணவர் ராணுவத்தில், எல்லையில். மூன்று வாரமாக லெட்டர் இல்லை.

"என்னங்க சார், எல்லா வூடும் நேத்து கட்டுன மாதிரி இருக்குதுங்க. இந்த ஊர்ல மழையே பெய்யலீங்களா?"

அன்று சாயங்காலம் என் வாசலில் நின்று அவர் வீட்டைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற வீடுதான். ஆனால், பார்த்திருக்கிறேனா?

கதவில் பிரவுனே இல்லை. வெயில் தின்று சாம்பலாகி, வெடிப்புக்குள் மட்டும் கருப்பு. மழை தெறிக்கிற அடிப்பக்கம் இற்றுப் போயிருந்தது. தாழ்ப்பாள் பக்கம் கை பட்டுப் பட்டுப் பளபளப்பு. நடுவில் ஒட்டுப் போட்ட பலகை ஒன்று. கரும்புச் சோகைக் கூரை மேலே நரைத்து, அடுப்புப் புகை வெளியேறும் இடத்தில் கன்னங்கரேல்.

மறுநாள் பலகையைக் கம்பியால் கீறி ரேகை போட்டேன். கருப்பைக் கரைத்துப் பூசிக் காய வைத்தேன். பிறகு பிரஷ்ஷில் சாம்பல் கலரைத் தொட்டு, துணியில் அநேகமாகத் துடைத்துவிட்டு, மேலாக உரசினேன். மேடு மட்டும் வெளுத்தது, பள்ளம் கருப்பாகவே நின்றது. மரம் ஒரே நிமிஷத்தில் கிழடானது! தேங்காய் நாரை வஜ்ஜிரப் பசையில் ஒட்டிக் கூரை.

மூலை வீட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தால் திக்கென்றது. அது ஸ்டெல்லா டீச்சர் வீடு. ஒட்டுப் பலகை உட்பட. சொல்லிவிடலாமா? கலைத்துவிடலாமா? கை வரவில்லை. வாயும் வரவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். மாணவத் தலைவன் குச்சியை நீட்டினான்.

"எதிரி இந்த மூலை வீட்டில் பதுங்கியிருக்கிறான் சார். முதல் குண்டு இங்கே. வீடு காலி."

"சார், அந்த வூட்ல ஆள் இருக்காங்க."

யார் பேசியது? நான்தான்.

என்.சி.சி. மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யார் இருக்கிறார்கள்?"

"எங்க டீச்சருங்க சார். வீட்டுக்காரர் பார்டர்ல இருக்காருங்க."

ஆபீசர் குனிந்து அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குச்சியை வாங்கிக் கீழே வைத்தார்.

"சுடுவதற்கு முன்னால் இந்த ஊர் ஜனங்களை எப்படி வெளியே கொண்டு வருவீர்கள்? யார் பதில் சொல்கிறீர்கள்?"



அவர் கிளம்பியதும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். இடையில் பேசியதற்கு மெமோ. வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருஷம் ஆனது.

வராந்தாவில் ஸ்டெல்லா டீச்சர் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "எங்க வூட்டுக் கதவு அத்தனை மோசமாவா இருக்குதுங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் யுத்தம் மூண்டது. தபால்காரர் எதிர் வீட்டைத் தாண்டிப் போகிறாரா, நிற்கிறாரா என்று பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. தினமும் தாண்டித்தான் போனார். சண்டை ஓய்ந்து பதினோராம் நாள் நின்றார். கார்டில் நாலே வரி – காலில் காயம், பயமில்லை.

மாசியில் நொண்டிக்கொண்டே வந்து இறங்கினார் டீச்சரின் கணவர். வந்த மூன்றாம் நாள், அந்தக் கதவுக்குப் பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்தார்.

இருக்கட்டுமே! வீட்டுக்கு ஆள் வந்து சேர்ந்த பிறகு, கதவு எந்தக் கலரில் இருந்தால் என்ன?