நெற்றியில் போட்ட பத்து

ஆக்னஸ் அக்காவின் படிவம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். கட்டங்களில் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பார்: "நெற்றியில் பத்து: உண்டு." கணினியில் அதை ஏற்றுகிறவள் நான். அதற்கு அங்கே இடம் கிடையாது.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதைப் பற்றியது எங்கள் ஆய்வு. மூன்று, ஏழு, பன்னிரண்டாம் நாட்களில் வீட்டுக்கே போய் அளந்து, தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று கேட்டு வர வேண்டும். அக்கா தூத்துக்குடிக்காரர், கணவருக்கு ரயில்வேயில் வேலை, மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் வீடு. இந்தத் தெலுங்கு ஊரில் இருந்த தமிழ் வீடுகளையெல்லாம் அவருக்கே ஒதுக்கியிருந்தார்கள். நம்மவர் போனால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைப்பு.

ஒருநாள் பொறுக்காமல், படிவம் எழுதுகிறீர்களா கதை எழுதுகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பத்மஜாவைப் பற்றிச் சொன்னார்.

மல்காஜ்கிரியில் ஐ.டி. வேலை பார்த்த பெண், முதல் பிரசவம். பதினோராம் நாள் தலைக்கு ஊற்றியிருந்தார்கள். மறுநாள் அக்கா போனபோது நெற்றி நிறைய, தலைவலிக்குப் போடும் சுக்குப் பத்துடன் படுத்திருந்தாள். அழுத்தம் 138/88, எல்லையான 140/90-க்கு இரண்டு குறைவு. தலைவலி உண்டா என்றதற்கு அவள் அம்மா, அதெல்லாம் இல்லை, நீர் கோத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அக்கா 'இல்லை'யில் டிக் போட்டார். இரண்டு நாளில் வலிப்பு வந்து பத்மஜா இறந்துபோனாள். குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

"வேத்தாளு யாராவது போயிருந்தா நெத்தியில என்னன்னு கேட்டிருப்பா. எங்கம்மாவும் எனக்கு இதத்தான போட்டாவ. எனக்குத் தெரியும்னுட்டு, கேக்காம வந்துட்டேன் தாரிணி."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பத்தையும் ஒரு கேள்வியாகச் சேர்க்கச் சொல்லி இருவரும் ஆய்வை நடத்தும் டாக்டர் விஸ்வநாத்திடம் போனோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் ஆய்வில் செல்லாதே. ஒருத்தியை வைத்துக் கேள்வி சேர்க்க முடியாது என்றார்.

அக்கா பென்சிலை விடவில்லை. ஆறு மாதத்தில் பத்தொன்பது பேர் நெற்றியில் பத்து. அவர்களில் பதினொரு பேர் தலைவலி இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். அந்தப் பதினொருவரில் நாலு பேருக்கு அழுத்தம் ஏறியிருந்தது. மல்லாபூர் சௌம்யாவுக்கு 166. அக்காவே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், பிழைத்துக்கொண்டாள். டாக்டர் படிவத்தைத் திருத்தினார்.

புதுப் படிவம் வந்த அன்று அக்கா என்னிடம் பத்மஜாவின் பழைய படிவத்தைக் கேட்டார். பதிவான விடையை மாற்றக் கூடாது, தேதி போட்டுக் குறிப்பு எழுதலாம் என்பது விதி. மாற்றத்தான் கேட்கிறாரோ என்று தயங்கியபடியே எடுத்துக் கொடுத்தேன்.

டிக் போட்ட இடத்தை அவர் தொடவில்லை. பென்சிலைப் பையில் போட்டுவிட்டு என் பேனாவை வாங்கினார். பக்கத்தில் தேதியிட்டு, "பத்து போட்டிருந்தது. நான் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.